நடக்காத போரின் கணக்கு

2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை இரவு. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் அதிபர் ஜார்ஜ் வியா வானொலியில் பேச வந்தார். தேர்தலில் தோற்றுவிட்டேன், வென்ற ஜோசஃப் போவாகாயிடம் பேசி வாழ்த்துச் சொல்லிவிட்டேன் என்றார். வித்தியாசம் சுமார் 20,000 வாக்குகள். நம் ஊரில் ஒரு சட்டமன்றத் தொகுதியை ஜெயிக்கிற வாக்கு. அந்த வாக்கில் ஒரு நாட்டின் ஆட்சி கைமாறியது. 'மோசடி' என்று ஒரு வார்த்தை சொல்லித் தொண்டர்களை அவர் தெருவுக்கு அனுப்பியிருக்கலாம். வியா சாதாரண ஆளும் இல்லை. 1995-இல் பலோன் தோர் விருது வாங்கியவர்; ஆப்பிரிக்காவிலிருந்து அதை வாங்கிய ஒரே கால்பந்து வீரர். தலைநகர் மன்ரோவியாவின் குடிசைப் பகுதியில் வளர்ந்து மேலே வந்தவர். கையை அசைத்திருந்தால் ஊர் திரண்டிருக்கும். அசைக்கவில்லை.

அந்த மாதம் குண்டு விழுந்துகொண்டிருந்த ஊர்களின் பெயர்கள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். குண்டு விழாமல் போன இந்த ஊரைப் பற்றி எத்தனை பேர் படித்தோம்? இந்தக் குறையில் பத்திரிகைக்காரர்களுக்கும் பங்கு உண்டு, இதை எழுதுகிறவருக்கும்தான்.

லைபீரியாவின் பழைய கதை தெரிந்தால்தான் அந்த இரவின் அருமை புரியும். 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கிளர்ச்சித் தலைவர் சார்ல்ஸ் டெய்லரின் ஆட்கள் அண்டை நாட்டிலிருந்து எல்லை தாண்டி நிம்பா மாவட்டத்துக்குள் நுழைந்தார்கள். அதில் மூண்ட சண்டை இடையில் ஓய்ந்தும் மறுபடி எரிந்தும் 2003 வரை நீண்டது. செத்தவர்கள் இரண்டரை லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து வயதுப் பையன்கள் தங்கள் உயரத்துக்குத் துப்பாக்கி தூக்கிய போர் அது.

அதை நிறுத்த முதலில் கிளம்பியது பணம் அல்ல, பெண்கள். லேமா போவீ தலைமையில் கிறிஸ்தவப் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் வெள்ளை உடை உடுத்திக்கொண்டு மன்ரோவியாவின் மீன் சந்தைக்குப் பக்கத்துத் திடலில் நாள் தவறாமல் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். கானாவின் அக்ரா நகரில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது அங்கேயும் போனார்கள். உடன்பாடு வராமல் யாரும் வெளியே போகக் கூடாது என்று மண்டபத்து வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார்கள். 2003 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பணம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மறக்கக் கூடாது. உள்ளூர்க்காரர்களிடம் சமாதான ஆசை இல்லாத இடத்தில் வெளியிலிருந்து கொட்டுகிற பணம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

வந்த பணம் என்ன செய்தது? ஆயுதத்தை ஒப்படைக்கிறவருக்கு 300 டாலர், இரண்டு தவணையில், என்று ஐ.நா. அறிவித்தது. 2003 டிசம்பரில் மன்ரோவியாவுக்கு வெளியே ஒரு முகாமில் வேலை தொடங்கியது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்து, காசு இப்போதே வேண்டும் என்று கலவரம் செய்தது. முகாமை மூடிவிட்டு, அடுத்த ஆண்டு ஏப்ரலில் மறுபடி தொடங்கினார்கள். முடிவில் தம்மைப் போராளி என்று பதிந்துகொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சேர்ந்த துப்பாக்கிகளோ முப்பதாயிரத்தைத் தொடவில்லை. கணக்குத் தணிக்கையாளரின் கண்ணுக்கு இது அப்பட்டமான ஏமாற்று. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் யார்? துப்பாக்கி தூக்கியவனுக்குச் சோறு பொங்கிப் போட்ட பெண், தோட்டாப் பெட்டி சுமந்த சிறுவன், வேறு வேலை எதுவும் கற்றுக்கொள்ளாத இருபது வயதுக்காரன். அவர்களைத் துரத்திவிட்டிருந்தால் அடுத்த தளபதி அதே ஆட்களைத்தான் கூலிக்குப் பிடித்திருப்பான். இந்த ஏமாற்றை நான் மன்னித்துவிடுவேன்.

அடுத்த சண்டைக்கான விறகு வேறிடத்தில் கிடந்தது. நிலம். போரில் ஓடியவர்கள் திரும்பி வந்தபோது அவர்கள் வீட்டில் வேறு யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள். கத்ரி ரப்பர் தோட்டத்தை முன்னாள் போராளிகள் பிடித்துக்கொண்டு, கிடைத்த மட்டும் பால் வெட்டி விற்றார்கள். அவர்களை அங்கிருந்து வெளியேற்ற 2006 ஆகஸ்டு வரை ஆயிற்று. 2009-இல் நில ஆணையம், 2018-இல் கிராமச் சமூகங்களின் வழிவழி நில உரிமையை ஏற்கும் சட்டம் என்று மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். ஐ.நா. அமைதி கட்டமைப்பு நிதியிலிருந்து வந்த சிறுதொகைகள் இப்படிப்பட்ட இடங்களில்தான் போய்ச் சேர்ந்தன. எல்லைத் தகராறைப் பேசித் தீர்க்கும் மையம், தலைநகரை விட்டுத் தள்ளியிருக்கும் பங்காவில் நீதிமன்றத்தையும் காவலையும் ஓரிடத்தில் கொண்டுவரும் வளாகம். கேட்பதற்கு உப்புச் சப்பில்லாத வேலைகள். வேலிச் சண்டை வெட்டுக்குத்தாக மாறுவது நமக்கு ஒன்றும் புதிதல்ல என்பதால், இவற்றின் மதிப்பைத் தமிழ் வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருந்தது. 2007 ஜனவரியில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண்கள் ஒரு தனிப் பிரிவாக மன்ரோவியா போய் இறங்கினார்கள். ஐ.நா. வரலாற்றில் முழுக்கப் பெண்களைக் கொண்ட முதல் காவல் பிரிவு அது. ஆண்டுக்கொரு அணியாக மாறி மாறி 2016 பிப்ரவரி வரை இருந்தார்கள். அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபின் அலுவலகத்துக்குக் காவல், இரவில் தெருச் சுற்று, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி. சீருடையோடு துப்பாக்கி ஏந்திய பெண் நின்றால், பக்கத்தில் போய் 'எனக்கு இப்படி நடந்தது' என்று சொல்ல இன்னொரு பெண்ணுக்குத் தைரியம் வருகிறது. அவர்கள் விடைபெற்ற சமயத்தில் லைபீரியாவின் பாதுகாப்புத் துறையில் பெண்கள் 17 சதவீதம். ஒன்பது ஆண்டுக்கு முன் அது 6 சதவீதம்.

இவற்றில் எது அந்த நவம்பர் இரவைக் காப்பாற்றியது? மீன் சந்தைப் பெண்களா, 300 டாலரா, நிலச் சட்டமா, வியா என்ற தனி மனிதரின் பெருந்தன்மையா? பிரித்துச் சொல்ல எந்தத் தராசும் கிடையாது. இந்தச் செலவுக்கு வாய்த்த சாபமே இதுதான். சென்னையில் ஐப்பசிக்கு முன்னால் ஒரு தெருவின் மழைநீர் வடிகாலைச் சரியாகத் தூர் வாரிவிட்டால் அந்தத் தெருவைப் பற்றி எவரும் பேச மாட்டார்கள். வாராத தெருவுக்குத்தான் படகும் வரும், கேமராவும் வரும், நிவாரணப் பொட்டலமும் வரும். மறு வருடம் நிதி ஒதுக்கும்போது பொட்டலத்துக்குக் கை தாராளமாக நீளும். தூர் வாருகிறவருக்குப் பாக்கி நிற்கும்.

மாசிடோனியாவில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். யூகோஸ்லாவியா சிதறிக்கொண்டிருந்த 1992 டிசம்பரில், சண்டை தொடங்குவதற்கு முன்பே அங்கே ஒரு சிறு படையை நிறுத்த ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானித்தது. போர் மூளும் முன்னரே தடுக்க அனுப்பப்பட்ட முதல் படை அது. ஆயிரம் பேர் அளவிலான படை, எல்லையோரத்தில் காவல் கூண்டுகள். போஸ்னியா எரிந்தது, மாசிடோனியா எரியவில்லை. 1999-இல் மாசிடோனியா தைவானை அங்கீகரித்தது. சில வாரங்களில், படையின் காலத்தை நீட்டிக்கும் தீர்மானத்தைச் சீனா தன் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. வேலை முடிந்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். 2001-இல் அங்கே துப்பாக்கி வெடித்தது. ஓரிட் நகர ஒப்பந்தம் அதே ஆண்டில் அதை அணைத்தது. கூண்டை எடுத்த பிறகுதான் கூண்டின் விலை தெரிந்தது.

மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். 'அமைதிப்படை' என்ற சொல்லைத் தமிழர் காதில் போட்டால் என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். 1987-இல் அமைதி காக்க என்று இலங்கைக்குப் போன இந்தியப் படை போர் செய்துவிட்டு 1990-இல் திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை நாம் இழந்தோம். வடக்கு கிழக்கின் சாதாரண சனங்கள் இழந்ததற்கு இன்றுவரை சரியாக யாரும் கணக்கெடுக்கவில்லை. ஆப்கானிஸ்தானில் நடந்தது இன்னொரு பாடம். 2002 முதல் 2017 வரை 'நிலைப்படுத்தல்' என்ற தலைப்பில் மட்டும் சுமார் 470 கோடி டாலரை அமெரிக்கா அங்கே இறக்கியது. அந்நாட்டின் சொந்தத் தணிக்கை அமைப்பே 2018-இல் வெளியிட்ட அறிக்கையில் அதைக் கிழித்துப் போட்டது. எங்கே ஆபத்து அதிகமோ அங்கே முதலில் போனார்கள். எவ்வளவு சீக்கிரம் செலவழிக்கிறோம் என்பதையே சாதனையாக எண்ணினார்கள். ஒப்பந்தம் எல்லாம் வட்டாரத்துப் பெரிய கைகளுக்கே போயிற்று. படை நகர்ந்ததும் பாலம் மட்டும் நின்றது, அரசாங்கம் நிற்கவில்லை. ஆகவே 'வெளிநாட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்' என்று சொல்கிறவரை இதயம் இல்லாதவர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அவர் கையில் ஆதாரம் இருக்கிறது.

ஆனால் அந்த ஆதாரம் சொல்வது என்ன? சண்டை கொழுந்து விட்ட பிறகு, அவசரத்தில், மேலிருந்து கொட்டிய பணம் வீணாயிற்று. லைபீரியாவில் அப்படி இல்லை. பதினைந்து ஆண்டு பொறுமையாக, சிறு சிறு தொகையாக, அங்கே உள்ளவர்கள் பிடித்த வடத்தில் நாமும் ஒரு கை வைத்தோம். இந்த இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் கணக்கெழுதுவதால்தான் குழப்பம்.

அமெரிக்க நாடாளுமன்றம் இந்தப் பாடத்தை ஒருமுறை கற்றுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் இரு கட்சியும் சேர்ந்து 'குளோபல் ஃபிரஜிலிட்டி ஆக்ட்' என்ற சட்டத்தைக் கொண்டுவந்தன. டிரம்ப் தம் முதல் ஆட்சியில் கையெழுத்திட்டார். தள்ளாடும் நாடுகளில் மோதலைத் தடுக்க ஆண்டுக்கு 20 கோடி டாலர் வரை ஒதுக்க ஐந்தாண்டுக்கு அனுமதி, பத்தாண்டுத் திட்டம். சட்டம் நன்றாக இருந்தது. எந்தெந்த நாடு என்று பெயர் சொல்லவே 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. ஹெய்ட்டி, லிபியா, மொசாம்பிக், பப்புவா நியூ கினி, மேற்கு ஆப்பிரிக்கக் கடலோர நாடுகள் ஐந்து. வேலை சூடு பிடிப்பதற்குள் 2025 வந்தது. அதே டிரம்பின் இரண்டாம் ஆட்சியில் உதவி நிறுவனமான யூ.எஸ்.எயிட் மூடப்பட்டது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் வெளிநாட்டு உதவிக்கென ஒதுக்கும் 0.5 சதவீதத்தை 2027-க்குள் 0.3 ஆக்கப் போவதாக அறிவித்தது. மிச்சப் பணம் ராணுவத்துக்கு.

வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று பார்க்க ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலையோரம் முகமாலையில் பெண்கள் முழங்காலிட்டு உட்கார்ந்து மிதிவெடி எடுக்கிறார்கள். முகத்துக்கு முன் கண்ணாடிக் கவசம், கையில் இரும்பு விறாண்டி. மணலை மேலாக மெல்ல வாரி இழுப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் விளிம்பு தெரிந்தால் கை நின்றுவிடும். ஒரு நாள் முழுக்க வாரினால் ஒரு திண்ணை அளவு நிலம் மீளும். போரில் கணவரை இழந்து, இந்தச் சம்பளத்தில் வீட்டை நடத்துகிறவர்கள் அவர்களில் உண்டு. வடக்கில் இந்த வேலைக்குப் பணம் கொடுத்துவந்த நாடுகளில் அமெரிக்கா முக்கியமானது. 2025 ஜனவரியில் உலகம் முழுதும் தன் செலவில் நடந்த கண்ணிவெடி அகற்றலை அது நிறுத்திவைத்தது. வெடி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு நிதியாண்டு தெரியாது.

'நமக்கென்ன வந்தது' என்பவருக்கு மொசாம்பிக்கைக் காட்டலாம். அந்நாட்டின் வடகோடியில் கபோ டெல்காடோ என்று ஒரு மாகாணம். அதன் கடலடியில் பெரும் எரிவாயு வளம். அதை எடுக்கும் திட்டம் ஒன்றில் ஓ.என்.ஜி.சி. விதேஷ், பாரத் பெட்ரோலியம், ஆயில் இந்தியா மூன்றுக்கும் சேர்த்து 30 சதவீதப் பங்கு உண்டு. மூன்றும் நம் பொதுத்துறை நிறுவனங்கள். அங்கே போட்டது நம் பணம். கடலில் எரிவாயு, மண்ணில் மாணிக்கக் கல். கரையில் இருந்த மீனவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளி இல்லை, வேலை இல்லை, தலைநகர் இருப்பதோ நாட்டின் எதிர்க்கோடியில். 2017 அக்டோபரில் ஆயுதக் கும்பல் ஒன்று காவல் நிலையங்களைத் தாக்கியது. மதத்தின் பெயரால் நடந்ததுதான். ஆனால் அதில் சேர்ந்த இளைஞனின் வயிற்றெரிச்சலுக்கு மதம் இல்லை. 2021 மார்ச்சில் பல்மா நகரைத் தாக்கினார்கள். ஏப்ரலில் டோட்டல் நிறுவனம் வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியேற்றியது. 2,000 கோடி டாலர் திட்டம் நான்காண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. வீடு விட்டு ஓடியவர்கள் பல லட்சம். 2017-க்கு முன்பே அந்த மீனவர் கிராமங்களில் செலவழித்திருக்க வேண்டிய தொகை, நின்றுபோன திட்டத்தின் பக்கத்தில் வைத்தால் சில்லறைதான்.

சில்லறை என்பது மிகையில்லை. 2024-இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது 2,71,800 கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனம். ஐ.நா.வின் அமைதி கட்டமைப்பு நிதி 2006 முதல் நாடுகள் மனமிரங்கிப் போடும் நன்கொடையில் ஓடியது. உறுப்பு நாடுகள் கட்டாயமாகக் கட்டும் சந்தாவிலிருந்து அதற்கு ஆண்டுதோறும் ஏதாவது ஒதுக்க வேண்டும் என்று பல ஆண்டு பேசி, 2025 முதல் ஆண்டுக்கு 5 கோடி டாலர் என்று முடிவானது. உலகம் ராணுவத்துக்குப் பத்தே நிமிடத்தில் செலவழிக்கும் தொகை அது. மோதலைத் தடுப்பதால் ஆண்டுக்கு 500 கோடி முதல் 7,000 கோடி டாலர் வரை மிச்சமாகலாம் என்று உலக வங்கியும் ஐ.நா.வும் சேர்ந்து 2018-இல் மதிப்பிட்டன. நடக்காத போரை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அதன் மேல் எண்ணை நான் அப்படியே நம்பவில்லை. கீழ் எண்ணே போதும்.

இந்தியா எவ்வளவு தருகிறது? ஆள் தருவதில் நமக்கு நிகர் குறைவு. இதுவரை ஐ.நா. பணிகளில் 2,90,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் நின்றிருக்கிறார்கள். ஏறத்தாழ 180 பேர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். காசு விஷயம் வேறு. 2021 ஜனவரியில் அமைதி கட்டமைப்பு நிதிக்கு அந்த ஆண்டுக்கு 1,50,000 டாலர் தருவதாக நம் ஐ.நா. தூதர் திருமூர்த்தி அறிவித்தார். ரூபாயில் ஒரு கோடியைச் சற்றே தாண்டும். சென்னையில் நல்ல இடத்தில் ஒரு ஃபிளாட் வாங்கும் தொகை. சண்டை மூண்ட பிறகு நம் பிள்ளைகளை அனுப்பத் தயங்காத நாடு, மூளும் முன்பு பையைத் திறக்க இத்தனை யோசிப்பானேன்?

யோசிக்காமல் திறந்த ஒரு தருணமும் நமக்குத் தெரியும். 2022 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம். டாலரும் டீசலும் பால்மாவும் இல்லாமல் இலங்கை வரிசையில் நின்ற நேரம். 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய்க்கு அனுப்ப மத்திய அரசின் அனுமதி கேட்டார் முதலமைச்சர் ஸ்டாலின். அ.தி.மு.க. ஆதரித்தது, பா.ஜ.க. ஆதரித்தது, ஓ. பன்னீர்செல்வம் தம் குடும்பத்தின் சார்பில் 50 லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார். ஒருமனதாக நிறைவேறியது. மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது.

அந்த விவாதத்தில் முதலமைச்சர் சொன்ன ஒரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உதவியைத் தமிழர்களுக்கென்று பிரித்து அனுப்ப வேண்டாம், இலங்கை மக்கள் அனைவருக்கும் அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்களாம். முப்பதாண்டுப் போரைப் பார்த்தவர்களின் அறிவு அது. அரிசி மூட்டையில் ஓர் இனத்தின் பெயர் எழுதியிருந்தால், பசித்த வரிசையில் நிற்கும் சிங்களத் தாய்க்கு அது என்னவாகத் தெரியும்? உதவியே அடுத்த சண்டைக்கு எண்ணெய் ஆகியிருக்கும். ஆப்கானிஸ்தானில் கோடி கோடியாய்ச் செலவழித்துக் கற்காத பாடத்தை அவர்கள் ஒரு வேண்டுகோளில் சொல்லிவிட்டார்கள். அந்த ஜூலையில் கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடினார். இனக் கலவரம் மூளவில்லை. நம் அரிசிதான் தடுத்தது என்று சொன்னால் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். கெடாமல் இருந்ததில் அந்த மூட்டைக்கும் ஒரு மணி அளவு பங்கு உண்டு என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

அன்று அவையில் இருந்த கட்சிகள் வேறு எதிலும் ஒத்துப்போகிறவை அல்ல. இதில் ஒத்துப்போக முடிந்தது. டெல்லியிலும் முடியும். வேண்டுவது பெரிதல்ல: வெளியுறவுத் துறையின் ஒதுக்கீட்டில் மோதல் தடுப்புக்கென்று தனியாக ஒரு வரி, ஆண்டு முடிந்தால் காலாவதியாகாமல் பத்தாண்டுக்காவது நீளும் தொகை, எங்கே போயிற்று, யாரைக் கேட்டுக் கொடுத்தோம் என்று நாடாளுமன்றத்துக்கு ஆண்டுதோறும் ஓர் அறிக்கை. அறிக்கை கட்டாயம் வேண்டும். நம் சொந்த வறுமை தீரவில்லை என்று கேட்கிற வாக்காளருக்கு அது உரிமை. பணம் வாங்குகிற அரசும் தன் மக்களுக்கு அதே கணக்கைச் சொல்ல வேண்டும். வெடிக்காத தேர்தலுக்கு எங்கள் பத்திரிகையும் கால் பக்கமாவது தர வேண்டும்.

பட்ஜெட் கூட்டத்தொடரில் பெரும்பாலான துறைகளின் மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் ஒட்டுமொத்தமாக நிறைவேறிவிடுவது வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் 39 பேர் இருக்கிறார்கள். அடுத்த பிப்ரவரிக்குள் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்கள். வெளியுறவுத் துறைக்கான தொகை அவைக்கு வரும்போது, போரைத் தடுக்க இதில் எவ்வளவு என்று அவர் எழுந்து கேட்கட்டும்.